யோசேப்புக்கு யாரும் யோசேப்பின் கதையைச் சொல்லவில்லை

தங்கச்சி, நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: உங்கள் அண்ணன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அடகு நகை இருப்பில் குறைவு என்று புகார் வந்தது. பெட்டகத்தைத் திறந்து மூடியது வேறு ஆள். பதிவேட்டில் கையெழுத்து இவருடையது. ஐந்து வருஷமாக சஸ்பென்ஷனில் இருக்கிறார். ஒரு பக்கம் துறை விசாரணை, இன்னொரு பக்கம் கோர்ட்டு, வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஆலயத்தில் பார்க்கிற எல்லாரும், "யோசேப்பைப் பாருங்க தம்பி, கர்த்தர் ஒரு திட்டம் வெச்சிருக்கார்" என்கிறார்கள். போன கிறிஸ்துமஸ் ஆராதனையோடு அண்ணன் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தேவனுடைய நடத்துதலை அவர் மறுபடியும் நம்ப, நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு யோசேப்பின் கதையைச் சொல்லாதீர்கள்: அண்ணன்மாரால் விற்கப்பட்டு, எகிப்தில் பொய்ப் பழியில் சிறைக்குப் போய், கடைசியில் அந்தத் தேசத்துக்கே அதிகாரியானவனின் கதை. அந்தக் கதைமேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்; பலவருண அங்கி வரைவதற்கென்றே கலர் சாக்பீஸ் பெட்டி தனியாக வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அதை ஒழுங்காகப் படித்தது என்மேல் 17(பி) குறிப்பாணை, அதாவது துறை விசாரணைக்கான குற்றச்சாட்டு, வந்த பிறகுதான்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். திடீர் ஆய்வுக்கு வந்தவர்கள் சத்துணவு அரிசியில் நாலு மூட்டை குறைகிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். மழையில் நனைந்து கட்டிபிடித்த மூட்டைகள் அவை. தனியாக எடுத்து வைத்து, முறைப்படி கடிதமும் போட்டிருந்தேன். கடிதத்தின் நகல் என்னிடம் இருந்தது. அலுவலகத்தில் மூலம் இல்லை. அவ்வளவுதான். சஸ்பென்ஷனில் இருக்கிறவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கிற தொகைக்குப் பிழைப்பூதியம் என்று ஒரு சொல் இருப்பதே அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. நாலு வருஷம் மஞ்சள் பையில் நகல்களை வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கினேன். பையின் கைப்பிடி அறுந்து, என் மனைவி அதை மூன்று முறை தைத்துக் கொடுத்தாள்.

அந்த நாட்களில் வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் யோசேப்பையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு, யோசேப்பை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு நானும் அவனும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சரி, இவன் யார்தான் என்று பார்த்துவிடுவோமே என்று ஒரு நாள் ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மௌனம். பதினேழு வயதுப் பையனைப் பிடித்து, அங்கியை உரிந்து, குழியில் போடுகிறார்கள். குழி வெறுமையாக இருந்தது, அதில் தண்ணீர் இல்லை என்று வேதம் கவனமாகச் சொல்கிறது. அடுத்த வசனத்தில் அண்ணன்மார் சாப்பிட உட்காருகிறார்கள். பிசின்தைலமும் வெள்ளைப்போளமும் ஏற்றிக்கொண்டு கீலேயாத்திலிருந்து ஒட்டகங்கள் வருகின்றன. இருபது வெள்ளிக்காசுக்கு வியாபாரம் முடிகிறது. இவ்வளவு நடக்கிற இடத்தில் அந்தப் பையன் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. கத்தினானா, அழுதானா, ஒன்றும் இல்லை. அவன் கெஞ்சினது நமக்குத் தெரியவருவது ஐந்து அதிகாரம் தள்ளி, 42இல். இருபது வருஷத்துக்குமேல் கழித்து, எகிப்தில் அந்த அண்ணன்மாரே மாட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள்: அவன் நம்மைக் கெஞ்சினானே, அவன் மன வியாகுலத்தைக் கண்டும் நாம் கேட்கவில்லையே என்று. பக்கத்தில் நிற்கிற எகிப்து அதிகாரிக்குத் தங்கள் பாஷை தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. யோசேப்பு அப்பால் போய் அழுகிறான். பாதிக்கப்பட்டவனின் குரலை, செய்தவர்களே ஒப்புக்கொள்கிற நாள்வரை வேதம் பத்திரப்படுத்தி வைத்திருந்ததுபோல எனக்குத் தோன்றியது. அந்த இடத்தை நான் முப்பது வருஷமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அடுத்தது இன்னும் பெரிய மௌனம். ஆபிரகாமோடு தேவன் பேசினார். ஈசாக்கோடு பேசினார். யாக்கோபோடு பெத்தேலில் பேசினார். கிழவனான பிறகு எகிப்துக்குப் புறப்படும் வழியில் பெயெர்செபாவிலும் பேசினார். யோசேப்போடு அவர் நேராகப் பேசியதாக ஒரு இடமும் கிடையாது. சின்ன வயதில் கண்ட இரண்டு சொப்பனங்கள், அவ்வளவுதான். அவற்றிலும் "நான் கர்த்தர்" என்று யாரும் சொல்லவில்லை. பிற்பாடு மற்றவர்களின் சொப்பனத்துக்கு அவன் அர்த்தம் சொன்னான், அர்த்தம் தேவனுக்குரியது என்றும் சொன்னான். ஆனால் அவன் காலில் கிடந்த விலங்கைப் பற்றி அவனுக்கு யாரும் அர்த்தம் சொல்லவில்லை.

"கர்த்தர் யோசேப்போடே இருந்தார்" என்று 39ஆம் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். படிக்கிற நம்மிடம். கதை சொல்கிறவர் நம் காதில் சொல்கிறார். சிறைக்குள் இருந்தவன் காதில் சொன்னதாக இல்லை. நமக்கு அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியும். 41ஆம் அதிகாரத்தில் மோதிரமும் மெல்லிய வஸ்திரமும் பொன் சரப்பணியும் காத்திருக்கின்றன என்று நமக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைய ராத்திரி. யோசேப்பின் கதை இல்லாமல் யோசேப்பாக இருந்த ஒரே ஆள் யோசேப்புதான். உங்கள் அண்ணனுக்கும் தன்னுடைய 41ஆம் அதிகாரம் கையில் இல்லை. அதைப் படித்து முடித்தவர்களைப்போல நாம் அவரிடம் பேசும்போது அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

எகிப்து ராஜாவான பார்வோனுக்குப் பானம் பரிமாறுகிற பானபாத்திரக்காரன் ஒருவனும் அதே சிறையில் இருந்தான். விடுதலையாகப் போகிற அவனிடம் யோசேப்பு பேசினதைப் பாருங்கள். 40ஆம் அதிகாரம், 14, 15 வசனங்கள். பார்வோனுக்கு என் காரியத்தைச் சொல், என்னை இங்கேயிருந்து வெளியே எடு, நான் எபிரெயர் தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்டவன், இங்கேயும் சிறைக்கு வருமளவுக்கு ஒன்றும் செய்யவில்லை என்கிறான். இதில் "எல்லாம் தேவ சித்தம்" என்ற பேச்சு ஏதாவது இருக்கிறதா? தனக்கு நடந்ததற்குக் களவு என்று பேர் வைக்கிறான். நான் குற்றவாளி இல்லை என்கிறான். சிபாரிசு கேட்கிறான். ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவைப்போல, இரண்டே வாக்கியத்தில், உணர்ச்சியைக் கொட்டாமல் கேட்கிறான்.

இந்த இடத்தில் சில பிரசங்கங்களில் ஒன்று சொல்வார்கள்: மனுஷனை நம்பினதால்தான் யோசேப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் கூடியது என்று. இது இன்று நேற்று வந்த பேச்சு இல்லை; யூத மரபிலேயே இப்படி ஒரு பழைய விளக்கம் உண்டு. பெரியவர்கள் சொன்னது என்றாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. வேதத்தில் இருப்பது, பானபாத்திரக்காரரின் தலைவன் அவனை நினைக்காமல் மறந்துவிட்டான் என்பது மட்டும்தான். தப்பு மறந்தவனுடையது. அதைத் தூக்கிக் கேட்டவன் தலையில் வைப்பது, நமக்கு நன்றாகப் பழகிப்போன ஒரு வேலை. உங்கள் அண்ணன் வக்கீலைப் பார்க்கப் போவதையும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதையும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர்களை லூக்கா 18க்கு அனுப்புங்கள். சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்று காட்ட இயேசு எடுத்துக்கொண்ட உதாரணமே, அநீதியுள்ள ஒரு நியாயாதிபதியின் வாசலுக்கு நடையாக நடந்த விதவைதான்.

எபிரெயத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, தமிழில் படிக்கும்போது தெரியாது. அண்ணன்மார் அவனைப் போட்ட குழிக்கு மூலத்தில் உள்ள சொல் "போர்". பானபாத்திரக்காரனிடம் பேசும்போது தான் இருக்கிற சிறைக்கு யோசேப்பு சொல்வதும் அதே "போர்"தான். தமிழில் ஒன்று குழி, மற்றது காவல்கிடங்கு. அவனுக்கு இரண்டும் ஒன்று. இத்தனை வருஷம் கழித்து, இத்தனை தூரம் வந்து, மறுபடியும் அதே குழியில் கிடக்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான்போல. வாய்தா தேதியை வாங்கிக்கொண்டு கோர்ட்டு படி இறங்குகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

காலக்கணக்கையும் ஒரு தடவை போட்டுவிடலாம். விற்கப்பட்டபோது வயது 17. பார்வோன் முன்னால் நின்றபோது 30. ஆகப் பதின்மூன்று வருஷம், அதில் பானபாத்திரக்காரன் மறந்த இரண்டு வருஷம் கடைசியில். அப்புறம் ஏழு வருஷம் விளைச்சல், இரண்டு வருஷம் பஞ்சம் போனபின் தான் யார் என்று அண்ணன்மாருக்குச் சொல்கிறான்; அப்போது வயது 39 வருகிறது.

விடுதலை வந்த விதம் வேடிக்கையானது. பதின்மூன்று வருஷம் நகராதது ஒரு காலையில் நகர்கிறது. அவசர அவசரமாகச் சவரம் பண்ணி, துணி மாற்றி, ராஜா முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ராஜாவுக்கு அவனுடைய வழக்கில் அக்கறை இல்லை. தன் சொப்பனத்துக்கு அர்த்தம் வேண்டும். இங்கேதான் நான் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு தடவைகூடக் கவனிக்காத ஒன்று இருக்கிறது. யோசேப்பைச் சிறைக்கு அனுப்பியது, தன்னிடம் தவறாக நடக்க வந்தான் என்று அவன் எஜமான் போத்திபாரின் மனைவி சொன்ன பொய்; அது கடைசிவரை திரும்பப் பெறப்படவில்லை. விசாரணை நடந்ததாக இல்லை. குற்றமற்றவன் என்று யாரும் தீர்ப்பு எழுதியதாக இல்லை. போத்திபார் வந்து மன்னிப்புக் கேட்டதாகவும் இல்லை. அவன் எகிப்து தேசத்துக்கே அதிகாரியாகிறான், ஆனால் அந்தக் கோப்பு மூடப்படவே இல்லை. எகிப்தில் ஒரு வீட்டிலாவது, "பெரிய இடத்துக்குப் போயிட்டான், ஆனா அந்தக் காலத்துல ஒரு கதை உண்டு" என்று பேசியிருக்க மாட்டார்களா?

எனக்கு வந்த ஆணையும் அப்படித்தான். இரண்டு வரி. மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றுகூட எழுதவில்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு மூட்டை அரிசியை இன்னும் என் பேரோடு சேர்த்து நினைக்கிறவர்கள் ஊரில் இருக்கலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "கர்த்தர் உங்கள் நீதியைப் பட்டப்பகலைப்போல விளங்கப்பண்ணுவார், எல்லாருக்கும் முன்னால் தலை நிமிர்த்துவார்" என்று அண்ணனிடம் வாக்குக் கொடுக்கிறவர்கள் தங்கள் கையில் இல்லாததைக் கொடுக்கிறார்கள். நடக்கலாம். நடக்க வேண்டும் என்றுதான் நானும் ஜெபிக்கிறேன். ஆனால் யோசேப்புக்கே அப்படி நடக்கவில்லை.

எல்லாரும் மேற்கோள் காட்டுகிற வசனத்துக்கு வருவோம். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்." ஆதியாகமம் 50:20. இதை யார் சொன்னது? அடிபட்டவன். யாரிடம்? அடித்தவர்களிடம். எப்போது? யாக்கோபு எகிப்தில் பதினேழு வருஷம் வாழ்ந்து இறந்த பிறகு. கணக்குப் போட்டால் யோசேப்புக்கு 56 வயது. குழி நடந்து முப்பத்தொன்பது வருஷம். அண்ணன்மார் தங்களுக்குள்ளே, "தேவன் நன்மையாகத்தானே முடித்தார், விடப்பா" என்று பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதே வார்த்தை, ஆனால் அசிங்கமாக இருந்திருக்கும். போத்திபாரின் மனைவி சொன்னால்? அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு ஒருவனுக்குத்தான் உரிமை இருந்தது. அவனும் நிதானமாக, தன் நேரத்தில் சொன்னான்.

கவனிக்க இன்னொன்று உண்டு. 39 வயதில், அண்ணன்மாரைக் கட்டிக்கொண்டு அழுத அந்த நாளில், என்னை இங்கே அனுப்பினது நீங்கள் இல்லை, தேவன்தான் என்று தாராளமாகச் சொல்கிறான். 56 வயதில் அதைவிடத் துல்லியமாகப் பேசுகிறான்: நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள். மன்னித்துப் பதினேழு வருஷம் சோறு போட்ட பிறகும் தீமைக்குத் தீமை என்றே பேர் சொல்கிறான். மூலத்தில் அவர்கள் நினைத்ததற்கும் தேவன் நினைத்ததற்கும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது. ஒரே சம்பவத்துக்குள் இரண்டு எண்ணங்கள் ஓடுகின்றன. அவருடைய எண்ணம் இருந்ததால் இவர்களுடைய எண்ணம் வெளுத்துப்போகவில்லை. தேவன்தான் அண்ணன்மேல் அந்தப் பொய்ப் புகாரை அனுப்பினார் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொன்னவன் சொன்னான். அது அவன் கணக்கு.

பின்னே நடத்துதல் என்பது என்ன? கத்தோலிக்கர்கள் இதற்குப் பழைய நாளிலிருந்தே தேவ பராமரிப்பு என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நம் சபைகளில் அதை விட்டுவிட்டுத் திட்டம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டோம். எனக்கு அதில் வருத்தம். திட்டம் என்றால் வரைபடம், முடிவுத் தேதி, இன்றைய வலிக்கு நாளைக்கு ஒரு விலை. பராமரிப்பு அப்படிப்பட்ட சொல் இல்லை. தென்னம்பிள்ளை வைத்தவனைக் கேளுங்கள். இன்றைக்குத் தண்ணீர், நாளைக்குத் தண்ணீர், வண்டு குத்தியிருக்கிறதா என்று குருத்தைப் பார்ப்பது. காய் எந்த வருஷம் என்பது அன்றன்றைய பேச்சில் வராது.

சிறைக்குள் அந்தப் பராமரிப்பு எப்படி இருந்தது என்று பார்த்தால் சின்னச் சின்னதாகத்தான் தெரிகிறது. சிறைச்சாலைத் தலைவனுக்கு இவன்மேல் ஒரு தயவு. செய்வதற்கு ஒரு வேலை. அப்புறம் 40:7. ஒரு காலையில் யோசேப்பு உள்ளே போய், ராஜ கோபத்துக்கு ஆளாகிச் சிறைக்கு வந்த இரண்டு அரண்மனைக்காரர்களைப் பார்த்து, உங்கள் முகம் இன்றைக்கு ஏன் துக்கமாக இருக்கிறது என்று கேட்கிறான். அந்த ஒரு கேள்வியை நான் எத்தனை தடவை யோசித்திருப்பேன்! தன்னுடைய அநியாயத்தில் மூழ்கிக் கிடக்க எல்லா உரிமையும் உள்ளவன், எதிரில் இருக்கிறவன் முகம் நேற்றுப்போல இல்லை என்று கவனிக்கிறான். அந்தக் குழி அவன் கண்ணை இன்னும் குருடாக்கவில்லை. "கர்த்தர் அவனோடே இருந்தார்" என்பது வெளியே தெரிந்த ஒரே இடம் எனக்கு அதுதான்.

எங்கள் வீட்டில் அது சாளை மீனாக வந்தது. சிரிக்காதீர்கள். தெருவில் கூடை கொண்டுவருகிற மீன்காரம்மா, நான் சஸ்பெண்டு ஆன மறுவாரம் வாசலில் கூடையை இறக்கி வைத்தார். வேண்டாம் என்றாள் என் மனைவி. "சாரு வேலைக்குப் போகும்போ தந்தா போதும்" என்று சட்டியில் போட்டுவிட்டுப் போனார். நாலு வருஷம் கணக்கு எழுதவே இல்லை. யோசேப்பின் பேரை அவர் ஒரு தடவையும் எடுக்கவில்லை. ஆணை வந்து நிலுவைச் சம்பளம் வாங்கினதும் நாங்கள் குத்துமதிப்பாக ஒரு தொகை கொண்டுபோய்க் கொடுத்தோம். எண்ணிப் பார்த்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

எல்லா நல்ல கதையும் அரண்மனையில் முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏமாற்றினவன் ஆவேன். யாக்கோபையே எடுங்கள். செத்துப்போனான் என்று இருபது வருஷத்துக்குமேல் அழுத மகனை உயிரோடு பார்த்த பிறகு, பார்வோன் முன்னால் நின்று அவன் சொல்வது என்ன? என் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமானவை. 130 வயதுக் கிழவன், மகன் கிடைத்துவிட்டான், பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறான், அப்படியும் போன வருஷங்கள் போனவைதான் என்கிறான். அதற்காக அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

எங்கள் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், தேவசகாயம். அவர் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக்காரன், ஆனாலும் அவர் கதை எனக்குச் சொந்தக் கதை மாதிரி. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனை ஊழியர். ஆடுமாடும் சொத்தும் இழந்து மனம் நொந்திருந்த நேரத்தில், அவருக்கு, வேதத்தில் எல்லாம் இழந்து தவித்த யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய் என்கிற, டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியர். இதில் எனக்குப் பிடித்தது, சொன்ன ஆள் யார் என்பதுதான். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டவர். கைதியாக வந்து, அதே ராஜாவின் படைக்குத் தளபதியாகி, ஊர் திரும்பாமலே 1777இல் செத்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டவர். யோபுவைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது.

நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைது, ராஜத்துரோகம் என்று பழி. கத்தோலிக்க மரபில் சொல்வது, எருக்கம்பூ மாலை போட்டு எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், பெருவிளையில் மரத்தோடு மாதக்கணக்கில் கட்டிப்போட்டார்கள் என்று. மூன்று வருஷம் அப்படியே போயிற்று. அவருக்கு எந்தப் பார்வோனும் சொப்பனம் காணவில்லை. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். எலும்புகள் கோட்டாறு சவேரியார் கோவிலில் இருக்கின்றன. 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது அவர் செத்து 270 வருஷம். திருநெல்வேலி பஸ்ஸில் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் பார்ப்பேன். இப்போது சுற்றிலும் காற்றாலைகள். அவரிடம் யாராவது அந்த மூன்று வருஷத்தில், பொறுத்துக்கொள்ளுங்கள், 270 வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் அது ஆறுதலா? "தேவனே சகாயம்" என்பது அவருடைய பேர். அந்தப் பேரோடுதான் அவர் அந்த மலை ஏறினார். அதற்குமேல் விளக்க எனக்குத் தெரியவில்லை, விளக்குகிறவர்களைப் பார்த்தாலும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

யோபு என்றதும் ஞாபகம் வருகிறது: அவருடைய சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எட்டாம் நாளுக்கு அப்புறம்தான் தேவனுக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் தேவன் கோபப்பட்டது அவர்கள்மேல். நாள் முழுக்கப் புலம்பின யோபுவைப் பார்த்து, அவன்தான் என்னைப் பற்றி நிதானமாகப் பேசினான் என்றார்.

அதனால், அண்ணன் ஜெபம் பண்ணவில்லை என்று நீங்கள் ரொம்பப் பதற வேண்டாம். வேண்டுமென்றால் 13ஆம் சங்கீதத்தை அவர் கண்ணில் படுகிற இடத்தில் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறதே, அது. 88ஆம் சங்கீதமும் இருக்கிறது. அது கடைசிவரை விடியாமலே முடிகிறது. அதையும் ஆராதனையில் பாட வைத்திருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் ஒருவேளை அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். கோபமும் ஜெபத்துக்குள் அடங்கும் என்று நாம் சொல்வதைவிட, அந்தச் சங்கீதங்கள் சொல்லட்டும்.

ஆயரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். அண்ணன் பேரைச் சொல்லிப் பொது ஜெபத்தில் விண்ணப்பம் வேண்டாம், சாட்சி சொல்லச் சொல்லியும் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆலயத்திலிருந்து இரண்டு பேர் வாய்தா நாளில் கோர்ட்டுக்கு வந்து வராந்தாவில் அவரோடு நின்றால் போதும். நான் நாலு வருஷமும் தனியாகத்தான் நின்றேன், அதனால் சொல்கிறேன். பிழைப்பூதியம் ஒழுங்காக வருகிறதா, விசாரணை அலுவலர் அறிக்கையின் நகல் கையில் இருக்கிறதா, எழுதிக் கொடுத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒப்புகை வாங்கியிருக்கிறாரா என்று நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அவராகவே என்றாவது யோசேப்பின் பேச்சை எடுத்தால், 40ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். 15ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள்: நான் இவ்விடத்தில் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். பின்னாலுள்ள அதிகாரத்துக்கு அவசரம் இல்லை. அடுத்த வாய்தா என்றைக்கு என்று எனக்குச் சொல்லுங்கள். பஸ் வசதி இருந்தால் நானும் வருகிறேன்.